சந்தைக்குச் சந்தை ஒன்று

ஒரு மனித உயிரின் விலை ஒரு நிமிடம். ஏற்றியும் சொல்லவில்லை, இறக்கியும் சொல்லவில்லை. நான் வியாபாரி வீட்டுப் பையன், விலை தெரியாத சரக்கைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, "எப்படிப் போடுவீங்க, திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டு, அவர் சொல்வதை முழுதாகக் காதில் வாங்க ஆகும் நேரம் அவ்வளவுதான். நர்சிங் படிப்பில் முதல் வருஷமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில்தான் நான் கை வைத்தேன்.

கொல்லிமலை ஆஸ்பத்திரிக்கு ஸ்டாஃப் நர்ஸாக வேலை கிடைத்து நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பகல் பதினோரு மணி. எழுபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே வந்திருந்தேன். தாழ்வான ஓட்டுக் கட்டடம், மருந்து கொடுக்கும் ஜன்னல், அதன் எதிரே பச்சை பெயிண்ட் அடித்த மர பெஞ்சு. வாசலில் யாரோ மிளகு காயப்போட்டிருந்தார்கள் போல, அந்தக் காரம் மூக்கில் ஏறியது. இந்த மலையில் மிளகு வாசனையைக் கண்டு பயப்படுகிறவன் மூச்சே விட முடியாது. நான் பயப்படவில்லை.

வாசலில் மிளகு இல்லை என்பதை உள்ளே போன பிறகுதான் கவனித்தேன்.

மூத்த சிஸ்டர் பானுமதி என்னைப் பார்த்ததும் சிரித்தார். "அட, முரளியா! படிக்கறப்ப இங்க ஒரு மாசம் டிரெயினிங் வந்த பையன்தானே? வாய் மட்டும் வளர்ந்திருக்கா, வேலையும் வளர்ந்திருக்கா?"

"ரெண்டும் ஒரே விலைதாங்க சிஸ்டர்" என்றேன்.

அந்த ஒரு மாதத்தைப் பற்றி அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்பு, இதே ஜன்னலில், பன்னிரண்டு நோயாளிகளுக்கு மருந்து விளக்கம் சொல்லிப் படிவம் நிரப்புவது எனக்குக் கொடுத்த வேலை. கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி: 'நோயாளி திருப்பிச் சொன்னாரா?' அதில் டிக் போட வேண்டும். எனக்கு வாய்ச்சாலகம் உண்டு. வாரம் ஒரு முறை போடும் மாத்திரைக்கு 'வாரம்' என்று சொன்னால் ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள் என்று கண்டுபிடித்து, "சந்தைக்குச் சந்தை ஒண்ணு" என்று சொல்ல ஆரம்பித்தேன். காட்டு வேலை செய்கிறவர்களுக்கு வாரம் என்றால் சந்தைதான். யாரும் தப்பவில்லை. எங்கள் காலேஜ் மேடம்கூடப் பாராட்டினார்.

பன்னிரண்டாவது ஆள் பாப்பாயி. முடக்குவாதம், விரல்கள் இஞ்சி மாதிரிக் கோணியிருந்தன. டாக்டர் எழுதியது சின்ன மஞ்சள் மாத்திரை. வாரத்துக்கு ஒன்றே ஒன்று. தினமும் போட்டால் வாய் புண்ணாகும், ரத்தம் கெடும், ஆள் மிஞ்சாது.

"ஏஞ்சாமி, ஒண்ணுதானா? ரெண்டாப் போட்டா வலி வெரசாப் போவாதா?" என்று பேரம் பேசினாள்.

"இது மிளகு இல்லீங்க, கொசுறு கேக்கறதுக்கு. சந்தைக்குச் சந்தை ஒண்ணு."

"சந்தைக்குச் சந்தை ஒண்ணு. சரிதானுங்களே சாமி?"

எங்களை அழைத்துப்போக வந்த ஜீப் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. நான் டிக் போட்டபடியே, "சரீங்க, சரீங்க" என்றேன்.

அவள் தோளில் நைலான் பை. பையில் தராசு. உடம்பெல்லாம் மிளகு வாசனை. என் அப்பா குப்புசாமியும் மிளகு வியாபாரிதான், வாரத்தில் ஏழு நாளும் ஏழு ஊர்ச் சந்தையில் உட்காருகிறவர். அந்த வாசனையில்தான் நான் வளர்ந்தேன். உலகத்தில் வேறு எந்த நர்ஸுக்குத் தெரியாமல் போனாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவளுக்கு எல்லா நாளும் சந்தை.

பதினோராம் நாள் வந்தாள். வாயில் துணியை வைத்து அழுத்தியிருந்தாள். துணி சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மாத்திரை அட்டையை எடுத்துப் பெருமையாக நீட்டினாள். பதினோரு குழி காலி.

"ஒரு நா கூட உடல சாமி. வாயிதான் எரியுது. பாக்கி ஒண்ணு இருக்குதே, நாளைக்கு அத எப்படி முழுங்கறது?"

ஆம்புலன்ஸ் நாற்பத்து மூன்றாவது வளைவு வரைக்கும்தான் அவளை உயிரோடு கொண்டுபோனது. விசாரித்தவர்கள் படிவத்தைப் பார்த்தார்கள். திருப்பிச் சொன்னாரா? டிக். கிழவி தப்பாகப் போட்டுக்கொண்டாள் என்று முடிந்தது. எனக்குப் பத்துக்கு ஒன்பது மார்க்.

வேலையில் சேர்ந்த மாதமே சின்னுசாமி என்ற பெரியவரைக் கட்டிலில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. தினமும் போடச் சொல்லி நான் கொடுத்த முப்பது ரத்தக்கொதிப்பு மாத்திரையில் இருபத்தாறு அப்படியே இருந்தது.

"தெனமும் காலையில ஒண்ணுன்னு என்கிட்டத் திருப்பிச் சொன்னீங்களே?" என்று கேட்டேன்.

குழறிக் குழறிச் சொன்னார். "வெளிய பெஞ்சுல இருந்த அம்மா... சந்தைக்குச் சந்தை ஒண்ணுன்னு சொல்லுச்சுங்க... பிரதர் நீங்க சொன்னதுன்னு..."

"எந்த அம்மா?"

"வாயில துணி வெச்சிருக்குமே."

என் முதுகில் யாரோ ஈரத் துணியைப் போர்த்தியது போல இருந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். பெஞ்சு காலி. பலகை இடுக்கில் நாலைந்து மிளகு.

அன்று மத்தியானம் மூடுபனி இறங்கி, எதிரே இருந்த பலாமரம் மறைந்தது. கரண்ட் போயிற்று. ஓ.பி. முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். ஜன்னலைச் சாத்தக் கை நீட்டினேன்.

பெஞ்சு முனகியது.

நைலான் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மிளகுக் காரம். அதற்கடியில் பழைய ரத்தத்தின் துரு வாடை.

பழிவாங்க வந்தவளாக இருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். கோபக்காரரிடம் பேரம் பேசலாம், என் குலத்தொழிலே அது. ஆனால் அவள் முகத்தில் கோபமில்லை. பாடத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்த முகம்.

"பாப்பாயம்மா" என்றேன். "நான் சொன்னது தப்புங்க. அது வாரத்துக்கு ஒண்ணு. ஏழு நாளைக்கு ஒரு தடவை. யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாங்க."

தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். மூன்று வருஷம் தாமதமாக, அந்த ஒரு நிமிடம் முழுவதையும் அவளுக்குக் கொடுத்தேன்.

"எங்கே, திருப்பிச் சொல்லுங்க."

துணியை எடுத்தாள். உதட்டுக்குப் பின்னால் வாய் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை.

"சந்தைக்குச் சந்தை ஒண்ணு. சரிதானுங்களே சாமி?"

செத்தவர்களுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முடியாது.

மறுநாளே பெஞ்சை உடைத்து அடுப்புக்கு அனுப்பினேன். பானுமதி சிஸ்டர், "வந்த மாசமே சர்க்கார் சொத்துல கைய வெச்சுட்டியே சாமி" என்று கேலி செய்தார். அடுத்த புதன்கிழமை, கீழே இருந்து வரும் டாக்டர், சங்கீதா என்ற புது நோயாளியைப் பார்த்தார். இதே மலையில் குண்டனி நாடு என்கிற ஊர்க்காரி, இருபத்தாறு வயது, மரவள்ளிக் காட்டில் வேலை, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. விரல் மூட்டெல்லாம் வீக்கம். டாக்டர் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, மருந்து எழுதினார்.

மஞ்சள் மாத்திரை. வாரம் ஒன்று. பன்னிரண்டு.

இவளை மட்டும் விடக் கூடாது என்று முடிவு செய்தேன். அட்டையை அவளிடம் கொடுக்கவே இல்லை. என் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டேன். புதன்தோறும் அவள் வர வேண்டும், என் கண்ணெதிரே விழுங்க வேண்டும்.

"திருப்பிச் சொல்லுங்க."

"வாரத்துக்கு ஒண்ணுங்க. புதங்கெழம. தெனமும் போட்டா உசுருக்கு ஆவாதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் சிரிப்பாள். "ஏனுங் பிரதர், எங்கூட்டுக்காரரு கூட என்கிட்ட இத்தன தடவ ஒண்ணக் கேட்டதில்லீங்க."

ஐந்து புதன் வந்தாள். ஐந்து மாத்திரை விழுங்கினாள். வீக்கம் வடிந்தது. குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அன்றைக்கு மட்டும் எனக்குப் பசித்துச் சாப்பிட முடிந்தது.

ஆறாவது புதன் வந்தாள்.

வாயில் துணி.

"என்ன ஆச்சு?" என்று கத்தியேவிட்டேன்.

"தெனமும் போடறமல்லங்க, அதுல வாயி வெந்துபோச்சுங்க பிரதர்."

"தெனமுமா? யார் குடுத்தா?"

"நீங்க அனுப்புன அம்மாதாங்க. வெடிய ஊட்டு வாசல்ல வந்து நிக்கும். வாரத்துக்கு ஒண்ணுன்னுதானே பிரதர் சொன்னாருன்னு கேட்டேனுங்க. மாத்திட்டாருன்னு சொல்லிச் சீட்டக் காட்டுச்சு. உங்க கையெழுத்து இருந்துச்சுங்க." துணியை மாற்றிப் பிடித்தாள். "திருப்பிச் சொன்னாத்தான் மாத்தரயக் கையிலயே குடுக்கும். உங்களயாட்டமேதான்."

"என்ன சொல்லச் சொல்லும்?"

மலையை விட்டு இரண்டு தடவைக்கு மேல் இறங்காத அந்தப் பெண், புண்ணான வாயால், பள்ளிப் பிள்ளை மாதிரி ஏழு நாள் சந்தையையும் ஒப்பித்தாள். "சோளக்காடு, பேளுக்குறிச்சி, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, நாமகிரிப்பேட்டை, ராசிபுரம், எருமப்பட்டி. சந்தைக்குச் சந்தை ஒண்ணு." பிறகு என்னைப் பார்த்தாள். "சரிதானுங்களே?"

முறிவு மருந்து கீழே பெரிய ஆஸ்பத்திரியில்தான் உண்டு. சிஸ்டர் அவளோடு ஆம்புலன்ஸில் ஏறினார். குழந்தை அதன் அப்பன் தோளில் கதறிக்கொண்டே பனிக்குள் மறைந்தது.

ஒரு மணி நேரம் கழித்து போன் அடித்தது. "முரளி, வண்டி நின்னுபோச்சு. கெளம்பவே மாட்டேங்குது" என்றார் சிஸ்டர்.

"எந்த வளைவுங்க?"

சொன்னார். கேட்டிருக்கவே வேண்டாம்.

"சங்கீதாவுக்கு மூச்சு வாங்குது. என்கிட்ட இல்ல, பின்னால யார்கிட்டயோ என்னத்தையோ சொல்லிக்கிட்டே இருக்குது..." என்றார். லைன் அறுந்தது.

அரைஞாணில் சாவி இருந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தேன், மிளகுக் காரம் முகத்தில் அடித்தது. அட்டை நான் வைத்த இடத்திலேயே இருந்தது, அடியில் ஒரு பழைய படிவம். நோயாளி பெயர்: சங்கீதா. கையெழுத்து என்னுடையது. திருப்பிச் சொன்னாரா? டிக்கின் மை இன்னும் காயவில்லை.

அட்டையை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன். எனக்குக் கணக்குத் தப்பாது, வளர்ப்பு அப்படி.

வந்தது பன்னிரண்டு. நான் கொடுத்தது ஐந்து, அந்தக் குழிகள் காலி. பாப்பாயி கொடுத்தது ஏழு, அந்தக் குழிகள் ஒவ்வொன்றிலும் ஒரு மிளகு.

பாக்கி இல்லை.