நதா பேசி முடிக்கட்டும்

"இந்த சீரியலை எழுதினவன் கையை ஒடிக்கணும்!"

போனில் ஓடிய காட்சியைப் பார்த்து நெர்மீன் பல்லைக் கடித்தாள். நைல் பாலத்து நெரிசலில் மைக்ரோபஸ் அசையாமல் நின்றது. நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது.

"எந்தக் கை?" பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு குரல். "வலதா, இடதா?"

"ரெண்டும்!"

"வலதை மட்டும் விட்டுடுங்க... கடைசி எபிசோட் இன்னும் எழுதலை."

திடுக்கிட்டுத் திரும்பினாள். தூக்கம் கெட்ட கண்கள். அவற்றில் ஒரு குறும்பு...

"ஹாத்திம். எழுதின பாவி நான்தான்."

ரமலான் முழுக்கக் கெய்ரோ பார்க்கிற தொடர். ஒரு பக்கம் எபிசோட் ஓடிக்கொண்டிருக்க, மறுபக்கம் அடுத்ததை எழுதிக்கொண்டிருப்பார்கள். அவள் விடவில்லை.

"நான் யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்றேன். டிவியில வர்ற சின்னப் பொண்ணுங்களைப் பத்தி. உங்க நதா இதுவரைக்கும் ஒரு பேச்சைக்கூட..."

"நதாவை எல்லாருக்கும் பிடிக்குதே!"

"...பேசி முடிச்சதில்லை! அப்பா குறுக்க வருவார், அண்ணன் வருவான், யாரும் இல்லேன்னா போன் அடிக்கும். அவ படிப்பையே நிறுத்தினாலும்..."

"கதைன்னா அப்படித்தான்..."

"பாத்தீங்களா? என்னையும் முடிக்க விடலை!"

அவன் முகம் சிவந்தது. "என் கதைக்கு உங்க பர்மிஷன் வேணுமா, டாக்டர்?"

"நோன்போட சண்டை வேணாம் உஸ்தாத்!" டிரைவர் கத்தினார். "பாங்கு சொல்லட்டும். அப்புறம் அடிச்சுக்குங்க!"

பாங்கு ஒலித்தது. சாலையோரம் நின்றவர்கள் ஜன்னல் ஜன்னலாகப் பேரீச்சம்பழப் பொட்டலங்களை வீசினார்கள். ஒன்று அவன் மடியில் விழுந்தது. முதல் பழத்தை அவளிடம் நீட்டினான். விரல்கள் உரசின... கோபத்தை மறந்து வாங்கிக்கொண்டாள்.

இறங்கும்போது சொன்னான். "சையிதா ஜைனப் மசூதி முனை காபிக் கடையிலதான் எழுதறேன். திட்டணும்னா வாங்க."

போகவே கூடாது என்றிருந்தாள். பெருநாளுக்கு முந்தின மாலை கால்கள் கேட்கவில்லை. கடை வாசலில் கூட்டம். டிவியில் கடைசி எபிசோட். மழை அபூர்வமாய்த் தூறியது.

திரையில் அப்பா அதட்டினார். "நாளையிலேர்ந்து பள்ளிக்கூடம் கிடையாது!"

நதா வாய் திறந்தாள். போன் அடித்தது. நெர்மீன் பல்லைக் கடித்தாள்... அவ்வளவுதானா?

சிறுமி போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பா, நான் இன்னும் முடிக்கலை."

பேசினாள். படிப்பைப் பற்றி, பயத்தைப் பற்றி, அப்பாவை நேசிப்பதைப் பற்றி. யாரும் குறுக்கிடவில்லை. ஹூக்காக் குழாய்கள் வாயை விட்டு இறங்கின. தெருவின் ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் அதே குரல்... ஊர் முழுக்க மூச்சை அடக்கி ஒரு சிறுமியைக் கேட்டது. நெர்மீனுக்கு உடம்பு சிலிர்த்தது.

மூலை மேஜையில் ஹாத்திம் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தான். எழுந்து வந்தான்.

"டாக்டர்... ஒண்ணு சொல்லணும்..."

"நான்தான் சொல்லணும். குறுக்க பேசாதீங்க."

அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவள் இமையில் ஒரு துளி... மழையா, கண்ணீரா? அவன் அசையாமல் நின்றான்.

"உங்களை... எனக்கு..." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவன் வாயே திறக்கவில்லை.

"என்ன... பதில் கிடையாதா?"

"நீங்க முடிச்சிட்டீங்களான்னு பாத்தேன்." அவன் கண்கள் பளபளத்தன. "எனக்கும்தான்... அந்தப் பேரீச்சம்பழத்துலேர்ந்தே."