ஊதா நிறம் தோன்றியது

எல்லா வேதியியல் ஆய்வகங்களிலும் அணுச்செவி வந்து உட்கார்ந்த பிறகு, மேசையில் பொய் சொல்ல வழியில்லாமல் போயிற்று. ஒரு காலத்தில் தனி அறையும் திரவ ஹீலியமும் கேட்ட யந்திரம், இப்போது குக்கர் அளவுக்கு இளைத்துவிட்டது. கரைசலைச் சிறு குழாயில் ஊற்றிச் செருகினால் போதும். உள்ளே காந்தத்தின் பிடியில் நிற்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலை தட்டிவிடும். அவை திருப்பி முணுமுணுப்பதைக் கேட்டுப் பெட்டி பொருளின் பெயரைச் சொல்லிவிடும். சொன்னதைப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பிவிடும். அதுதான் வம்பு.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் செய்முறைத் தேர்வு. ஏழாம் எண் புட்டியை எடுத்த மாணவி கையைத் தூக்கினாள்.

"மேடம், பெட்டி இத குளுக்கோஸ்ங்குது."

துறைத்தலைவி ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. "அது யூரியாம்மா. நானே இதுலதான் பரீட்சை எழுதுனேன். திரும்பப் போடு."

மூன்று முறை போட்டார்கள். மூன்று முறையும் குளுக்கோஸ்.

ஜெசிந்தாவுக்குத் தான் எழுதிய பரீட்சை நினைவுக்கு வந்தது. யூரியாவைச் சூடாக்கிக் காரமும் மயில்துத்தக் கரைசலும் விட்டால் ஊதா நிறம் வரவேண்டும். அன்று அவள் ஊதாவைப் பார்க்கவே இல்லை. ஆய்வக உதவியாளர் சுடலைமுத்து காதைச் சொறிந்தார். சொறிந்தால் யூரியா என்று ஊருக்கே தெரியும். 'ஊதா நிறம் தோன்றியது' என்று எழுதி முழு மதிப்பெண், பதக்கம், வேலை எல்லாம் வாங்கிவிட்டாள்.

கால் மணி நேரத்தில் பல்கலைக்கழகக் கணினி அந்தப் புட்டி புழங்கிய முப்பத்தோரு ஆண்டு விடைத்தாள்களைத் தோண்டித் திருத்திவிட்டது. ஏழாம் புட்டியை யூரியா என்று எழுதியவர்கள் பட்டம் செல்லாது. மருந்துக் கம்பெனித் தர அதிகாரிகள் நாற்பது பேர், கல்லூரி முதல்வர்கள் இரண்டு பேர், ஜெசிந்தா. ஐம்பத்திரண்டு வயதில் அரியர்! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சுடலைமுத்துவின் கைப்பேசியும் ஒலித்தது. அவருக்கு வந்த செய்தி: 'தேர்ச்சி.'

"உங்களுக்கு எப்படிண்ணே?"

"ஒங்களுக்கு முந்துன வருசம் நானும் இதே புட்டிதான் மேடம். ஊதா வரல, சீனிப்பாகு வாசம் வருதுன்னு எழுதுனேன். பெயிலாக்கிட்டாவ. பெறகுதான் இந்த அட்டெண்டர் வேல."

"குளுக்கோஸ்னு தெரிஞ்சுமா இத்தன வருசம் எங்களுக்கு யூரியான்னு காட்டுனீங்க?"

சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "பிள்ளைகளாவது பாஸாகணும்லா மேடம்."