பென்சில் கோடு போட்ட வரி

மழை... சொல்லாமல் கொள்ளாமல் வந்து கொட்டிய மார்கழி மழை!

"ஓடு புள்ள, ஓடு!" என்று சபூறா சாச்சி இழுத்த இழுப்பில், கல்முனைக் கடைத்தெருவில் முதலில் தென்பட்ட தறி நூல் கடையின் விறாந்தையில் பாய்ந்து ஏறினாள் நதீரா. ஏறிய வேகத்தில், நூல் கட்டோடு இறங்க வந்தவன்மேல் மோதினாள். அவள் கையிலிருந்த புத்தகம் துள்ளிப்போய்ப் படியில் விழுந்தது.

"கண்ண எங்க வெச்சிட்டு..." என்று சீறியவன் பாதியில் நிறுத்தினான்.

சாரலில் நனைந்த அவன் இமைகள்... அவற்றின் கீழே அமைதியான இரண்டு கண்கள். அந்தக் கண்களை அவளுக்குத் தெரியும். யா அல்லாஹ், இன்றைக்கா இவரைக் காட்ட வேண்டும்?

காலிதீன்! மருதமுனையில் அவள் வீட்டுக்கு மூன்றாம் வளவில் தறி போட்டிருப்பவன். காலையில் பஸ்ஸில் வரும்போதுதான் சாச்சி சொல்லியிருந்தாள்: "காலிதீனுக்குச் சாய்ந்தமருதுப் பக்கத்தால பேச்சு வந்திரிக்காம். வெள்ளிக்கிழமை மாப்பிள்ள கேட்டு வாறாங்களாம்." அதைக் கேட்டதிலிருந்து நதீராவின் நெஞ்சு ஒரு நிலையில் இல்லை.

ஆறு வருஷங்களுக்கு முன், அவளுக்குப் பதினேழு வயது. மதறாஸில் அச்சடித்த, இப்போது படியில் கிடக்கும் இந்த நாவலை ஒளித்து ஒளித்து வாசித்த காலம். அதில் கதாநாயகன் காரில் வருவான். கதாநாயகியின் வாசலில் மண்டியிட்டுக் கெஞ்சுவான். அப்போதுதான் தோழி பரீனா ஒரு சேதி கொண்டுவந்தாள்: "காலிதீன் நானா உன்ன விரும்புறாராம். உங்கட வாப்பாவ அவர்ர உம்மாக்கிட்ட வந்து கதைக்கட்டாம்."

பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை கேட்பதுதான் இந்தக் கரையின் முறை. அவன் முறையாகத்தான் சொல்லியனுப்பினான். ஆனால் நாவல் ஏறிய தலைக்கு அது திமிராகப் பட்டது. 'இவர் வந்து கெஞ்சமாட்டாரோ? என் வாப்பா போய் நிற்க வேண்டுமோ?' நாவலில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த ஒரு வரியை அவனுக்கு மறுமொழியாக அப்படியே எழுதிப் பரீனாவிடம் கொடுத்துவிட்டாள்.

அந்தப் புத்தகத்தை நேற்றுத்தான் பரீனா தேடியெடுத்துத் திருப்பித் தந்தாள். ஆசுபத்திரியில் சாச்சியின் கண் மருந்துக்குக் காத்திருந்த காலை முழுவதும் நதீரா அதை மறுபடி வாசித்தாள். கதாநாயகி ஓர் ஏழைத் தையற்காரனை ஊர் பார்க்க அவமானப்படுத்துகிறாள்... அந்த இடத்தில்தான் அன்று நானும் பரீனாவும் விழுந்து விழுந்து சிரித்தோம்! முந்நூறு பக்கத்தில் ஒருவர்கூட ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இதுவா காதல்? அவள் காது மடல்வரை கூசிப்போயிற்று.

இப்போது காலிதீன் புத்தகத்தை எடுத்துத் தன் சால்வையால் துடைத்தான். ஈரத்தில் ஒட்டிய தாள்களைப் பிரித்தவனின் விரல் ஓர் இடத்தில் நின்றது. கோடு போட்ட வரியை மெதுவாக வாசித்தான்:

"என் காலடியில் யாசிக்கத் தெரியாதவனுக்கு என்னைக் கனவு காணவும் தகுதியில்லை."

சாச்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் அடுத்த கடையில வெத்தில வாங்கிட்டு வாறன்" என்றாள். வாய் நிறைய வெற்றிலை இருந்தது!

"இது புத்தகத்தில உள்ளதா?" காலிதீனின் குரல் தணிந்திருந்தது. "நான் உங்கட சொல்லெண்டு நெனச்சிட்டன். அப்ப எழுதினவன்ட பிழைதானே..."

தப்பிக்க வழி திறந்துகிடந்தது. 'ஓம்' என்று ஒரு சொல் போதும்.

"இல்ல" என்றாள் நதீரா. "அவன் எழுதினான். உங்களுக்கெண்டு தெரிஞ்செடுத்தது நான். பொருத்தமா இரிக்கெண்டு சந்தோசப்பட்டதும் நான்தான்... என்ன மாப்புச் செய்யுங்க."

அவன் மழையைப் பார்த்தபடி நின்றான். "கடுதாசி வந்த அண்டைக்குத் தறியில குந்தினன். ஒரு முழமும் நெய்ய ஏலல்ல."

"உங்கட உம்மாக்குத் தெரியுமா?"

"உம்மாக்கு ஏன்? அந்தப் புள்ளைக்கு இன்னம் படிக்க விருப்பமாம், விடுங்க எண்டு சொன்னன். கடுதாசிய அடுப்பில போட்டுட்டன். ஊருக்குத் தெரிஞ்சா உங்கட பேரெல்லோ கெட்டுப்போகும்?"

நதீராவால் நிமிர முடியவில்லை. ஆறு வருஷம் ஊர் அவளை நல்ல பிள்ளை என்றது. அந்தப் பெயரை வாய் திறக்காமல் காத்துத் தந்தவனையா அவள் தகுதியில்லாதவன் என்றாள்? கண்ணீர் பொங்கியது... முந்தானையை முகத்தோடு இழுத்துக்கொண்டாள்.

"அழாதீங்க. றோட்டில போறவங்க நான் அடிச்சிட்டனெண்டு நெனப்பாங்க."

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு தந்த துணிவில் கேட்டாள்: "வெள்ளிக்கிழமை... ஓமெண்டு சொல்லப் போறீங்களா?"

"ஏன் கேக்கிறீங்க?"

"கேக்கிறது பொம்புள வீட்டு முறையெல்லோ? அண்டைக்குத்தான் விளங்கல்ல." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு எங்கட வாப்பாவ அனுப்பட்டா?"

காலிதீன் அவளை நேராகப் பார்த்தான். "வந்து என்னெண்டு கேப்பாரு?"

"என்ட மகளுக்கு இப்பதான் புத்தி வந்திரிக்கி, உங்கட மகனத் தாங்க எண்டு."

"அல்லாவே! அப்பிடிக் கேட்டா உம்மா பயந்து கதவச் சாத்திருவா." முதன்முறையாக அவன் சிரித்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "புத்தியப் பத்தி ஒண்டும் கதைக்க வேணாம். உங்கட பேரச் சொன்னாப் போதும்... ஆறு வருஷமா எத்தினை பேச்சு வந்திச்சி, ஏன் ஒண்டுக்கும் நான் ஓம் சொல்லல்ல எண்டு உம்மாக்கு அப்ப விளங்கும்."