பரணிலிருந்து வந்த பதில்

பரணிலிருந்து பல்லி ஒரே ஒரு தடவை ‘டொக்’ என்றது. வழக்கமான படபடப்பு இல்லை. யோசித்துச் சொன்னதுபோல் இருந்தது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை எப்படியும் தேறிவிடும் என்று இசக்கிசெல்வி நினைத்துக்கொண்டிருந்த நேரம். நல்லதை நினைக்கையில் பல்லி சொன்னால் அவள் விடுவாளா? விரலை மடக்கித் தரையில் மூன்று முறை தட்டினாள்.

மேலிருந்தும் மூன்று முறை கேட்டது.

சிரிப்புதான் வந்தது அவளுக்கு. தாராவி முழுக்கத் தகரக் கூரைகளில் மழை இரைந்துகொண்டிருந்தது. கரண்ட் போய், ஒற்றை அறைக்குள் மத்தியானமே இருட்டி, சுவரின் ஈர வாசனையோடு பரணிலிருந்து முற்றிய தேங்காயின் கனத்த வாசனையும் இறங்கிவந்து மூக்கில் தங்கியது. நிக்கோபாரில் ரோட்டு வேலை முடிந்து வந்த புருஷன் பேச்சிராஜா, ஒரு மூட்டைத் தேங்காயைப் பரணில் ஏற்றிவிட்டு வாஷிக்கு வேலைக்குப் போயிருந்தான். அவனுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, நம்ம வீட்டுப் பல்லி எண்ணப் படிச்சிருக்கு.”

“அப்ப அது உன்னைவிடத் தேவல, ஏட்டி.” சிரித்தான். “மூட்டைய அவுத்தியா? பாத்து அவுக்கணும். அந்தத் தீவுல தேங்கா திங்குற நண்டு உண்டு. நாய்க்குட்டி கணக்கா இருக்கும், மரமேறும். நார் நாரா உரிச்சு, தேங்காக் கண்ணத் தட்டித் தட்டி ஓட்ட போடும்.”

“சும்மா பயங்காட்டாதீங்க.”

“நெசமாத்தான். அப்படியொரு பொறுமை அதுக்கு. எங்க கூடாரத்துல ஒருநாள்…”

லைன் போய்விட்டது.

ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள். மூட்டையின் வாய் கிழிந்திருந்தது. பரண் நெடுக நார், சீவி விட்ட தலைமுடிபோல. ஒவ்வொரு ஓட்டிலும் கண் இருந்த இடத்தில் ஓட்டை. உள்ளே வழித்த வெறுமை.

தட்டியது எதுவோ, அது அங்கே இல்லை.

முதுகுக்குப் பின்னால் தொட்டில் கயிறு முனகியது.

இறங்கினாள். காற்று இல்லை. தொட்டில் ஆடியது. கனமாக.

சேலைத்தொட்டிலிலிருந்து நூல் உதிர்ந்தது. ஒன்று. பிறகு இன்னொன்று.

பிள்ளை அழவில்லை.

ஒற்றை விரலால் சேலையை விலக்கினாள். பிள்ளை விழித்துக் கிடந்தது. அவள் மணிக்கட்டுப் பருமனில் நீலம் பூத்த கால்கள், அந்தச் சின்னத் தலையைப் பதமாக அணைத்திருந்தன. காலையில் அவள் தேங்காயெண்ணெய் வைத்த உச்சிக்குழியில், துடித்துத் துடித்து அமுங்கும் அந்த மெத்தென்ற இடத்தில், கொடுக்கின் நுனி வந்து நின்றது.