இலை பார்க்கிறவள்

இலைக்கு ஒரே ஒரு மஞ்சள் புள்ளி. நல்லதம்பிக்கு முதலில் உறுத்தியது அதுதான். நோய் என்று வந்தால் அது கணக்குப் பார்க்காது. ஓர் இலையில் நூறு புள்ளியை வாரி இறைக்கும், பக்கத்து இலையைச் சும்மா விட்டுவிடும். இது அப்படி இல்லை. நடு அறையில், கதவோரத்துப் பலகையில் நின்ற பன்னிரண்டு சின்னத் தொட்டிகளிலும் செடிக்கு ஓர் இலை, இலைக்கு ஒரு புள்ளி. அதுவும் நேற்று விரிந்த தளிரில்.

சக்குபள்ளத்தில் ஆனி பிறந்ததிலிருந்து வெயில் என்பதே இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கே பனிமூட்டம் ஏலக்காட்டிலிருந்து இறங்கி, ஓட்டு இடுக்கு வழியாக வீட்டுக்குள் புகுந்துவிடும். அந்த மங்கலில்தான் மருமகள் சிவசங்கரி, ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு விற்க மணிபிளாண்ட் கன்றுகளை வளர்த்துவந்தாள். இரண்டு பலகை, இருபத்துநாலு தொட்டி. இரண்டாவது பலகைக்கு அப்பால், உத்தரத்தில் சேலைத் தொட்டில். அதில் ஏழு மாதப் பேத்தி மோனிஷா.

சிவசங்கரி போனை நீட்டினாள். “தண்ணி கூடிப்போச்சுன்னு போடுது மாமா.”

“போனு வந்து மண்ணத் தொட்டுப் பாத்துச்சாக்கும்?”

“அப்ப நீங்கதான் பாருங்களேன். நாப்பது வருசம் ஏலச்செடிக்கு வைத்தியம் பாத்தேன்னு டீக்கடையெல்லாம் பேசுறீக.”

“வைத்தியம் எங்க பாத்தேன்? புடுங்கித்தான் போட்டேன்.”

சொல்லிவிட்டுக் குனிந்தார். தண்ணீர் மிஞ்சினால் அடி இலைதான் முதலில் பழுக்கும். இங்கே அடி இலை கெட்டிப் பச்சை. செம்பேன் என்றால் இலைக்கு அடியில் நூலாம்படை மாதிரி ஓடும். விரலால் தேய்த்தார், ஒன்றும் ஒட்டவில்லை. தேமல் நோய் நடு நரம்பிலிருந்து கோடு கோடாக இறங்கும், கோடே காணோம். ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்தார். வேர் அழுகிய புளிப்பு வாடை இல்லை. வேறு வாடை வந்தது. நனைந்த கம்பளி வாடை. தலையில் கம்பளி போட்டு மழையில் வேலைக்குப் போகிறவர்கள் அந்த வீட்டில் இப்போது யாருமில்லை.

இலையைப் புரட்டினார். அடியிலும் புள்ளி. சின்னதாக, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு.

பழக்க தோஷம், இலையைப் பிடித்தார். மேலே கட்டைவிரல், கீழே இரண்டு விரல். மூன்று புள்ளிகளும் மூன்று விரலுக்கடியில் அப்படியே மறைந்தன. சட்டென்று கையை எடுத்தார். மேல் புள்ளியின் நடுவே குறுக்காக ஒரு மெல்லிய பச்சைக் கோடு. அந்த இடத்தில் மட்டும் எதுவும் அழுத்தவில்லை.

அந்தக் கட்டைவிரலை அவருக்குத் தெரியும்.

தோட்டத்தில் நோய்ச் செடி எடுக்க இரண்டு பேர் போவார்கள். ஒருத்தி இலை பார்ப்பாள், ஒருவன் பிடுங்குவான். பார்க்கிறவள் தளிரை மூன்று விரலால் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்புவாள். நோய் என்றால் பிடியை விடமாட்டாள். பிடுங்குகிறவன் வந்து வேரோடு எடுத்த பிறகுதான் கையை விட்டு அடுத்த செடிக்கு நகர்வாள். அதுதான் முறை. பத்தொன்பது வருஷம் நல்லதம்பிக்கு இலை பார்த்தவள் மூக்கம்மாள். கவாத்துக் கத்தி பட்டுக் கட்டைவிரல் குறுக்கே பிளந்து, பள்ளமாகவே ஆறிப்போனவள்.

கடைசி வருஷம் அவள் பிடித்து நின்ற ஒரு செடி அவர் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தது. “ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு” என்றார். “நீ புடுங்குனாத்தான் நா விடுவேன்” என்றாள். அவர் பிடுங்கவில்லை. அடுத்த மழைக்கு அந்தச் சரிவு முழுக்க நோய். சூப்பர்வைசர் கேட்டபோது, அவள் காட்டவே இல்லை என்று சொல்லிவிட்டார். அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். போன ஆடியில் செத்துப்போனாள். அவர் போய் முகம் பார்க்கவில்லை.

“என்ன மாமா, என்ன நோயின்னு தெரிஞ்சுச்சா?”

“நோய்தான். புடுங்கிருவோம். பக்கத்துல உள்ளதாச்சும் தப்பும்.”

அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. பன்னிரண்டையும் பிடுங்கினார். பிடுங்கும்போது ஒன்றைக் கவனித்தார். வேர் மண்ணை விட்டுக் கிளம்பும்வரை தளிர் விறைத்து நிமிர்ந்து நின்றது. கிளம்பியதும் துவண்டு தொங்கியது. ஒவ்வொன்றும் அப்படித்தான்.

மறுநாள் மத்தியானம் இரண்டாவது பலகை. பன்னிரண்டிலும் புள்ளி. நடுவே பச்சைக் கோடு. அன்றும் பிடுங்கினார், எப்படியாவது இதோடு முடியட்டும் என்று. கடைசிச் செடியை இழுக்கையில் மறுமுனையை யாரோ பிடித்திருக்கிற கனம் தெரிந்தது. வேர் வந்தது. கனம் விட்டது.

பலகை காலி. அதற்கு அப்பால் தொட்டில்.

“ஏத்தா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு போடிக்கு ஒங்க ஆத்தா வீட்டுக்குப் போயிரு. இப்பவே.”

“போடிமெட்டுல மரம் விழுந்து வண்டியெல்லாம் நிக்குதாம். நாளைக்குத்தான் வழி விடுவாகளாம்.” சிவசங்கரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “செடிக்கு நோய் வந்தா பிள்ளைய எதுக்கு வெரட்டுறீக?”

அவர் பிடுங்கிய செடிகளை வாரிக் கூடையில் போட்டார். 

“பாலு வாங்கிட்டு வந்துர்றேன். தொட்டில ஆட்டிக்கிட்டு இருங்க. தூங்கிராதீக.” குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள். பத்தடியில் பனி அவளை விழுங்கிவிட்டது.

நல்லதம்பி தொட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஆட்டினார். ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர், உத்தரத்தில் கயிறு உராயும் கிறீச், சேலைக்குள் பிள்ளையின் மூச்சு. ஜன்னலில் வெளிச்சம் பால் கலந்த தண்ணீராக நின்றது. காலிப் பலகைகளைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. முதல் நாளே பிடுங்காமல் இருந்திருந்தால் அவள் கதவோரத்திலேயே நின்றிருப்பாள். அந்தப் பன்னிரண்டையும் பிடித்தபடி. எத்தனை நாளானாலும். பலகை பலகையாகப் பிடுங்கி, ஒவ்வோர் அடியாக அவளை இங்கே கூட்டிவந்தது அவர்தான்.

கம்பளி வாடை வந்தது. பக்கத்தில்.

தொட்டிலை ஆட்டினார். ஆடவில்லை.

இழுத்தார். கயிறு அசையவில்லை. கிறீச் சத்தம் நின்றுவிட்டது. பிள்ளையின் மூச்சு மட்டும்.

சேலை விலகியது.

மோனிஷா தூக்கத்தில் இருந்தாள். வாய் ஓரத்தில் பால். வலது கை மட்டும் மேலே எழுந்தது. தானாக அல்ல. மணிக்கட்டில் தூக்கியது போல. மெதுவாக. சேலைக்கு வெளியே வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பியது. உள்ளங்கை தெரியத் திரும்பியது. இப்படி. அப்படி. வெளிச்சத்துக்கு.

பிறகு நின்றது.

மணிக்கட்டின் மேலே ஒரு குழி. அடியில் இரண்டு. அழுந்தின.

நல்லதம்பி, பிடுங்கிப் பழகிய இரண்டு கைகளையும் கக்கத்தில் இறுக்கிக்கொண்டார்.

“விட்டுரு தாயி,” என்றார். “பச்சப்புள்ள.”

பிள்ளை அழவில்லை. கண் திறக்கவில்லை. பிஞ்சுக் கை அந்தரத்தில் அப்படியே நின்றது, அவர் பக்கம் லேசாக நீட்டினாற்போல. மூன்று குழிகளைச் சுற்றியும் தோல் மெல்ல மஞ்சளாகிக்கொண்டிருந்தது.