ஆஸ்டினில் ஆள் உட்காரும் இடம்

அன்று டிக்கோயாவில், அந்தத் தகரக் கொட்டகைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் முத்துலிங்கம், அவருடைய மகள் லோஜினி, கொட்டகையின் சொந்தக்காரர் மெக்கானிக் ஜோர்ஜ். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள்.

பகல் சாப்பாடு முடிந்த நேரம்தான். ஆனால் தேயிலை மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றுவிட்டதால், உள்ளே தொங்கிய ஒற்றை பல்பின் வெளிச்சம் பழைய டயர்கள்மீதும் எண்ணெய்க் கறைமீதும் மஞ்சளாகப் படிந்து, அதற்கு அப்பால் போக மனமில்லாததுபோல் நின்றது. வாசலருகே வெள்ளை மொரிஸ் மைனர் கார் ஒன்று. அதற்குப் பின்னால், தேயிலைக் கொழுந்துச் சாக்கால் பாதி மூடிய கறுப்பு ஆஸ்டின். முத்துலிங்கத்தின் கண்ணில் முதலில் பட்டது அதன் சாய்வு. பின்பக்க இடது மூலை நான்கு விரல் கீழே இறங்கியிருந்தது. டயர்களில் காற்று சமமாகத்தான் இருந்தது. காருக்குள் யாரும் இல்லை. ஆனாலும் ஆள் ஏறி அமர்ந்த கார்போலத்தான் அது நின்றது.

"ஸ்பிரிங் சோம்பேறியா போச்சுங்க சேர்," என்றார் ஜோர்ஜ். "இந்த ஆஸ்டின் கொழும்பு மாப்பிள்ள மாதிரி. பாக்க அழகு, கூப்பிட்டா வராது. மொரிஸ் நம்ம தோட்டத்துப் புள்ள. தட்டினா எந்திரிச்சிக்கும். மொதல் தடவ செய்யிறவங்களுக்கு மொரிஸ்தான் சரி, தங்கச்சி."

லோஜினி சிரித்தாள். கொழும்பில் வங்கி வேலை அவளுக்கு. ஒரு பழைய காரைத் தன் கையாலேயே பிரித்துப் பூட்டி ஓடவைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. "எனக்குத் தாத்தா வச்சிருந்த மாதிரித்தான் வேணும். தோட்டத்துலயே மொதல் கார் எங்க தாத்தாவோடது, அங்கிள். தெரியுமா?"

அந்த வாக்கியத்தை அவளுக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்தவர் முத்துலிங்கம். கூடத்தில் தொங்கும் படத்தில் தாத்தா காரின் பொனட்டில் கை ஊன்றி நிற்பார். தோட்டத்து ஆட்களை மேய்த்த தலைக்கங்காணி. கோட்டும் தலைப்பாகையும். அவள் அவரைப் பார்த்ததில்லை. அந்தப் படத்தைப் பார்த்தே வளர்ந்தவள்.

அவள் சாக்கை இழுத்தாள். இடது பின்கதவில், கம்பனிக் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு பித்தளைக் கைப்பிடி. சாமி அலமாரியிலிருந்து கழற்றி முத்துலிங்கத்தின் அப்பா தன் கையாலேயே பொருத்தியது. முத்துலிங்கம் அடையாளம் கண்டுகொண்டார். அப்பா இரவோடிரவாக விற்றுவிட்ட கார். அதே கார்.

அவளுக்குத் தெரியக் கூடாது. அந்த நிமிடத்தில் அவர் நினைத்தது இது ஒன்றைத்தான்.

"மொரிஸையே பாரும்மா," என்றார். "இது துருப்புடிச்சது."

அவள் ஏற்கெனவே பின்கதவைத் திறந்திருந்தாள். உள்ளேயிருந்து வாடை வந்தது. பூட்டிக்கிடந்த காரின் வாடை அல்ல; மழையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்தவரின் தோளில் கிடக்கும் ஈரக் கம்பளியின் வாடை, அதோடு வெற்றிலை, அதோடு மண். முத்துலிங்கம் மூச்சை அடக்கிக்கொண்டார். ஜோர்ஜோ லோஜினியோ மூக்கைச் சுளிக்கவில்லை.

"அப்பா, இங்க பாருங்க. சீட்டு புதுசு மாதிரி இருக்கு. கீழதான் தேஞ்சிருக்கு."

பின்சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில், றப்பர் பாய் ஒரு குழியாகத் தேய்ந்திருந்தது. குந்திய ஆளின் அளவுக்கு. முன்சீட்டின் முதுகுத் தோலில் விரல்கள் பற்றிப் பற்றி வழவழத்த தடம்.

"இங்க யாரு உக்காந்தாங்க?"

பொன்னையா உட்கார்ந்தான். ஏற்றத்தில் கார் நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவது அவன் வேலை. தேய்ந்த பிரேக்கும் செங்குத்துப் பாதையும் உள்ள தோட்டத்தில் கட்டை போட ஓர் ஆள் இல்லாமல் கார் கிளம்பாது. அவனுக்குச் சீட்டில் இடமில்லை. சீட் காலியாக இருந்தாலும் இல்லை. இறம்பொடை வளைவில் ஒரு மழைநாளில் கட்டை போடக் குனிந்தவன் எழவில்லை. குடித்திருந்தான் என்று அப்பா சொன்னார். பொன்னையா குடிக்காதவன் என்பது தொழிலாளர் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். வீட்டிலும் தெரியும்.

"நாய்," என்றார் முத்துலிங்கம். "அந்தக் காலத்துல கார்ல நாய் கொண்டுபோவாங்க. நாய் உக்கார்ற இடம்."

சொல்லி முடித்ததும் காருக்குள் ஏதோ அசைந்தது. மெல்லிய சத்தம். முழங்கால் மடங்கும்போது எலும்பு சொடுக்குமே, அது.

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். பிள்ளை முன்னால் பயப்படக் கூடாது. சீட் உளுத்துப்போனது என்று காட்டினால் அவள் விட்டுவிடுவாள். குனிந்து உள்ளே ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, பின்சீட்டில் ஓங்கி உட்கார்ந்தார். சீட் உளுத்திருக்கவில்லை. சின்ன வயதில் உட்கார்ந்த அதே மெத்தை, அதே இடம்.

லோஜினி படம் எடுக்கக் காரின் பின்னால் போனாள். கொட்டகையின் தரை பின்பக்கம் சரிந்து, சுவரில்லாத அந்தப் பக்கத்தில் பள்ளத்தில் முடிந்தது.

"சக்கரம் சுத்துதான்னு பாப்போம்," என்றபடி ஜோர்ஜ் முன்சக்கரத்துக் கல்லைக் காலால் தள்ளினார். "பிரேக் துருவுல பிடிச்சித்தான் இருக்கு. அசையாது."

அசைந்தது.

மெதுவாகத்தான். பல்ப் முன்கண்ணாடியில் நகர்ந்தது. ஜோர்ஜ் பம்பரைப் பிடித்து இழுத்தார். செருப்பு எண்ணெயில் வழுக்கியது. பின்கண்ணாடியில் லோஜினி. கண் முன்னால் போனைப் பிடித்தபடி. பின்னால் பள்ளம். கதவு திறக்கவில்லை. பித்தளைக் கைப்பிடி வெளியே இருக்கிறது. உள்ளே கைப்பிடியே இல்லை.

அவர் வாயிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"பொன்னையா! கட்டையப் போடு!"

கார் நின்றது.

"அடக் கடவுளே," என்றார் ஜோர்ஜ். ஓடிவந்து குனிந்து பார்த்தார். "கட்டை யாருங்க போட்டது? ஈரமா இருக்கு. என் கொட்டகையில இப்படிக் கட்டையே இல்லையே!"

லோஜினியின் முகம் வெளுத்திருந்தது. பம்பர் அவள் சட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சன்னலருகே வந்தாள். "அப்பா, பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்களே. யாரு பொன்னையா?"

இப்போது சொல்லியிருக்கலாம். மகளைக் காப்பாற்றியவனின் பெயர் அது. தாத்தாவின் படம் கூடத்தில் அப்படியே தொங்கட்டும் என்று நினைத்தார்.

"யாருமில்ல."

"ஆளக் கூப்பிட்ட மாதிரித்தான் கூப்பிட்டீங்க."

"யாருமே இல்லன்னு சொல்றேன்ல. அப்படி ஒரு ஆளே இருந்ததில்ல."

அவள் ஜோர்ஜோடு சேர்ந்து கல்லை வைக்கப் போனாள். வேலை முடிந்த ஆள் திரும்பி வருவது வழக்கம். முத்துலிங்கத்துக்கு அது தெரியும்.

காரின் இடது பக்கம் மறுபடி தாழ்ந்தது. கதவு திறக்கவில்லை. ஈரக் கம்பளி. அவருடைய முழங்காலில் குளிர். கீழே, குழியில், ஒன்றுமில்லை. அவர் பார்த்தார். ஒன்றுமில்லை.

இரண்டு கைகள் அவருடைய கணுக்கால்களைப் பிடித்தன.

மரியாதையாகத்தான். மழைக்காலத்தில் சின்னையாவுக்கு, பையனாயிருந்த இவருக்கு, கால் சில்லிடும் என்று பொன்னையா அப்படித்தான் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொள்வான். ஒரு கால். பிறகு மற்றக் கால். வீடு வந்து சேரும்வரை இறக்கமாட்டான். ஒருமுறையும் யாரும் இறக்கு என்று சொன்னதில்லை.

லோஜினி திரும்பி வந்து சன்னலில் குனிந்தாள்.

"ஏம்பா கால ரெண்டையும் தூக்கி வச்சிருக்கீங்க?"

அவருடைய சப்பாத்துகள் அந்தரத்தில் நின்றன. அடியில் எதுவும் இல்லை. இறக்கப் பார்த்தார். முடியவில்லை.

"மரத்துப்போச்சும்மா," என்றார்.

அவள் ஆஸ்டினையே எடுத்தாள். விழப்போன கார் தானாக நின்றதை நல்ல சகுனமாக எண்ணினாள். தலவாக்கலையிலிருந்த தங்கள் வீட்டு முற்றத்தில், விடுமுறைக்கு விடுமுறை வந்து, பிரித்தாள், தேய்த்தாள், பூட்டினாள். கூரைக்குப் புதுத் துணி. தரைக்குப் புதுப் பாய். அது ஓடியது. தாத்தாவின் கார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

கேட்கிறவர்களுக்காகச் சொல்ல வேண்டியவை இவைதான். அதிபருக்கு மூளை குழம்பிவிட்டது என்கிறார்கள். இல்லை. தேவாரம் ஒரு வரி பிசகாமல் சொல்கிறார். அந்திப்பொழுதில் காரின் பின்சீட்டில் ராஜாபோல் உட்கார்ந்திருக்கிறார் என்கிறார்கள். அதுவும் இல்லை. அவர் கீழே குந்தியிருக்கிறார், தலையைக் குனிந்து, முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு. எழுந்து சீட்டில் உட்காருங்கள் என்றால், இடமில்லை என்கிறார்.

அவருடைய தோள்கள் இரண்டும் நனைந்திருப்பதைப் பார்த்து, கார்க் கூரை ஒழுகுகிறது என்று ஊரில் பேச்சு. அந்தக் கூரை ஒழுகவில்லை.