சாத்திய சன்னல்

பிற்பகல் மணி 2:50.

ஓர்மூர் நிலவறை ஏணியின் அடியில் மல்லாந்து கிடந்தான். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. சுற்றிலும் எட்டுப் பீப்பாய்களில் தயிர்த்தெளிவு நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. வோட்காவுக்கான ஊறல். காய்ச்சுகிறவன் செத்தது அதற்குத் தெரியாது.

சன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்ட பிறகே இறங்கியிருந்த இன்ஸ்பெக்டர் ஈவார் மேலே ஏறி வந்தான்.

"ஊறல் கக்குற வாயு," என்றாள் கான்ஸ்டபிள் சால்வோர். அவனைவிட இருபது வயது மூத்தவள். "தரையோட தேங்கி நின்னிருக்கு. இறங்கினான், ரெண்டு மூச்சு, அவ்வளவுதான். ஃபேன் ஓடியிருந்தா, சன்னல் திறந்திருந்தா, இந்நேரம் நமக்குக் காபி ஊத்திக்கிட்டிருப்பான்."

"யார் சாத்தினது?"

"கூட்டாளி பிரான்துர், இந்த வீட்டுக்காரன். அவனே சொல்லிட்டான். 12:40-க்கு வந்த எச்சரிக்கை உனக்கும் வந்திருக்குமே."

வந்திருந்தது. பனிப்பாறைக்கு அடியில் கத்லா எரிமலை புரண்டு படுத்திருந்தது. ஆற்றில் வெள்ளம், கூடவே நச்சுக்காற்று. சன்னல்களைச் சாத்துங்கள், மின்விசிறிகளை நிறுத்துங்கள் என்றது கைபேசி.

"விபத்துன்னு எழுதி முடி, ஈவார். பிரான்துர் பொண்டாட்டி மீன்பிடிக் கப்பல்ல இருக்கா. வர மூணு வாரம் ஆகும். ஆறு மாசக் குழந்தையை அவன்தான் பாத்துக்கிறான். அவனையும் கொண்டுபோனா அதுக்கு யாரு?"

மனைவியை அடக்கம் செய்த நாளிலிருந்து எந்தக் கேள்வியும் ஈவாருக்குள் இறங்குவதில்லை.

வீட்டைச் சுற்றி நடந்தான். ஒரு மணி முதல் ஒன்றரை வரை பனி பெய்து ஓய்ந்திருந்தது. முற்றம் முழுக்க வெள்ளை. சுவரோரம் காலியான குழந்தைத் தள்ளுவண்டி, அதன் கூரைமேல் விரல் கனத்துக்குப் பனி. சமையலறைக் கதவிலிருந்து வண்டிவரை ஒரு வரிசைக் காலடி. திரும்பிப் போக ஒரு வரிசை. வண்டியை ஒரு சாண் நகர்த்தினான். கீழே கறுப்பு மணல், காய்ந்திருந்தது.

மணி 3:15. வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் போனான்; சால்வோரும் பின்னால் வந்தாள். பிரான்துர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான்.

மேசைமேல் ஒரு புட்டி. 'பார்தி' வோட்கா. லேபிளில் அந்தப் பழைய கதையின் படம். போட்டால் களைப்பே தெரியாத மாயக் காற்சட்டை ஒன்று மடத்துச் சமையற்காரி கத்லாவிடம் இருந்தது. இடையன் பார்தி கேட்காமல் அதை மாட்டிக்கொண்டு போய் ஆடு மேய்த்தான். அவனைத் தயிர்த்தெளிவுப் பீப்பாயில் அமுக்கிக் கொன்றுவிட்டு, அவள் பனிப்பிளவில் குதித்தாள். எரிமலைக்கு அவள் பெயர். படத்தின் கீழே புது வரி: 'படைத்தவர்: ஓர்மூர்.'

"கதையை வோட்காவாக்கலாம்னு முதல்ல சொன்னது யாரு?"

"நான்."

"எச்சரிக்கை வந்ததும் என்ன செஞ்சே?"

"12:45-க்குச் சன்னலைச் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன்."

"பயந்துட்டியா?"

"பின்னே? அழுகின முட்டை நாத்தம் இங்கவரைக்கும் வந்துச்சு. உயிரை விடச் சொல்றியா?"

"ஓர்மூர்?"

"ஊருக்குள்ள போயிருந்தான். ரெண்டு மணிக்கு வந்து நேரா கீழ இறங்கிட்டான். சொல்ல மறந்துட்டேன், ஈவார். சாகுற வரைக்கும் உறுத்தும்."

"குழந்தை?"

"தூங்கிட்டிருந்தா. ரெண்டேகாலுக்கு அழுதா. தூக்கிட்டு அவனைத் தேடிப் போனேன்."

"எங்க தூங்கினா?"

"எப்பவும் போல..." பிரான்துரின் கை குழந்தையின் முதுகில் நின்றது.

"எப்பவும் போல வெளிய," என்றான் ஈவார். "வண்டி மேல பனி, அடியில காய்ஞ்ச மணல். பனி விழறதுக்கு முன்னாடியே அங்க நின்னுருக்கு. நீ நடந்து போய்த் தூக்கின தடம் பனிமேல இருக்கு. நடுவுல அவளை உள்ள கொண்டுவரவே இல்லை."

சால்வோர் சிரித்துவிட்டாள். "அட மனுஷா! எம் பிள்ளைங்க நாலும் பனியிலதான் தூங்கி வளந்துச்சு. இந்த நாட்டுல எந்தக் குழந்தை பகல்ல உள்ள தூங்குது?"

"அதனாலதான் அது உன் கண்ணுலயும் படலை, அவன் கண்ணுலயும் படலை. விஷக்காத்துன்னு நிலவறைச் சன்னலை ஞாபகமா சாத்தினவன், பெத்த மகளை ஒன்றரை மணி நேரம் அதே காத்துல போட்டு வெச்சிருக்கான்."

சால்வோரின் சிரிப்பு அடங்கியது.

"காத்து கடல்லேருந்து வீசுது. நாத்தம் இங்க வரவே இல்லை. அது உனக்குத் தெரியும், பிரான்துர். தெரியாட்டி முதல்ல வண்டிக்குத்தான் ஓடியிருப்பே. அந்த எச்சரிக்கை உனக்கு ஒரு சாக்கு. ஓர்மூரை நீதான் கொன்னே."

குழந்தை ஏப்பம் விட்டது. பிரான்துர் அதன் வாயைத் துடைத்தான்.

"கதை என்னுது," என்றான். "ஊறல் பக்குவம் என்னுது. நான் பிள்ளையைப் பாக்க ஒதுங்கின ஆறு மாசத்துல, வோட்காவுக்குக் கிடைச்ச பதக்கம் அவன் கழுத்துல, பேரு புட்டியில. ஒரு வார்த்தை கேக்கலை."

பிரான்துர் சால்வோரைப் பார்த்தான்.

"நாலு மணிக்கு இவளுக்குக் கஞ்சி. பேரிக்காய் மசிச்சுக் கலக்கணும். இல்லேன்னா துப்பிடுவா."

சால்வோர் கையை நீட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மணி 3:40. ஈவார் விலங்கை எடுத்து மேசைமேல் வைத்தான். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"நீயே ஊட்டு," என்றான். "நான் இருக்கேன்."